எட்டாவது மணி

உவர்மலையில் வீடு வீடாக நீர்மானி வாசிப்பது என் வேலை.
வட்டக் கண்ணாடியைத் துடைத்து,
எண்ணை எழுதி, பற்றுச்சீட்டைக் கிழித்து நீட்டி,
பிறகு மெல்லக் கேட்பேன்:
"அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி?"
ஒரு செம்பு. இன்னுமொன்று.
மூன்றாவது செம்பில் அவர்கள் புருவம் உயரும்.
"வெயிலக்கா" என்பேன்.
மார்கழி மழையில் நனைந்துகொண்டும்
அதையே சொல்லியிருக்கிறேன்.

கண்டியில், மூக்கு வழியாகப் போய்,
மூளைக்குக் கீழிருந்து
கடலை அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள்.
அன்றோடு நின்றுபோனது
மூளை சிறுநீரகத்துக்கு எழுதும் கடிதம்.
பெரிய கடிதமில்லை:
"நீரைப் பிடித்து வை." அவ்வளவுதான்.
அது வராத உடம்பில்
பன்னிரண்டு லீற்றர் குடித்தேன், பதினொன்று கழித்தேன்.
நிறமில்லை, மணமில்லை.
கந்தளாய்க் குளம்
என்னூடாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதுவும் நீரிழிவுதான். ஆனால் இனிக்காதது"
என்றார் டொக்டர் ஹேரத்.
முதற்பாதியை மட்டும் கேட்ட சொந்தக்காரர்கள்
என் தேநீரில் சீனியை நிறுத்தினார்கள்.

மருந்தின் பெயர் டெஸ்மோபிரெசின்.
ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நஸ்லியா
துண்டின் பின்பக்கத்தில் ஒன்பது வட்டம் கீறிக் காட்டினா.
"மூளை கோக்கிறது ஒன்பது மணி.
இவங்கள் முதல் மணியில கொஞ்சம் சீவிட்டாங்கள்.
எட்டாவது மணிய, கண்ணாடியில தெரியிற மாதிரி
மறுகையாத் திருப்பிட்டாங்கள்.
அதான் உடம்பு சுறுக்காப் பிரிக்க ஏலாம முழிக்குது."
எனக்கு விளங்கியது.
கண்ணாடியில் தெரியும் மானியை
நானும் சுறுக்காக வாசிக்கமாட்டேன்.

அதே பிரிட்ஜில், அதே தட்டில்
இன்னும் இரண்டு பேருக்கும் இருந்ததாம்.
சாரணர் முகாமுக்குப் போக ஆசைப்பட்டு
பாயை நினைத்துப் பயந்த கிண்ணியாப் பையன் ஒருவனுக்கு.
பல் பிடுங்கினாலும் இரத்தம் உறையாத
ஒரு வள்ளக்காரருக்கு.
நீரை நிறுத்தச் சொன்ன மருந்து
இரத்தத்திடமும் அதையே சொல்லுமாம்.
முகம் தெரியாத அந்த இரண்டு பேரையும்
அன்றிலிருந்து எனக்குச் சொந்தமாக நினைக்கிறேன்.

டொலர் இல்லாத வருசம் தட்டு வெறுமையானது.
கொழும்பில் ஒரு கடையில் ஒரேயொரு குப்பி.
இரவு பஸ் நடத்துநர் ஜெயசீலன்
ரிஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவதாகச் சொன்னார்.
டீசல் வரிசையில் பஸ் ஹபரணையில் நின்றது.
நான் பஸ் நிலையத்தில், ஐந்து போத்தல்களோடு.
மக்கேசர் மைதானச் சுவருக்கு ஏழாவது தடவை போனபோது
பொலிஸ்காரர் டோர்ச் அடித்தார்.
வருத்தத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை.
குடித்துக் காட்டினேன்.
இருந்து காட்டினேன்.
அவர் போய்
தன் போத்தலையும் கொண்டுவந்து தந்தார்.

நாலு பத்துக்கு பஸ்.
ஐஸ் முழுக்கத் தண்ணீர். குப்பி மட்டும் குளிர்.
மூக்கில் ஒரு விசிறல்.
விடியும்போது
நாக்கு வாய்க்குள் திரும்பி வந்து படுத்தது.

இப்போது காலையும் இரவும் எட்டு மணிக்கு
எட்டாவது மணி.
ஆனால் புதுச் சிக்கல்:
பழக்கத்தில் குடித்தால் நீர் வெளியே போகாது.
உப்புக் குறையும், மூளை வீங்கும், வலிப்பு வரும்.
தாகம் கேட்டால் மட்டும் குடி என்பது கட்டளை.
பதின்மூன்றாம் இலக்க வீட்டு ரத்தினேஸ்வரி அக்காவோ
கேட்கு முன்னமே செம்போடு வாசலில்.
"வேண்டாமக்கா."
"ஏன், எங்கட வீட்டுத் தண்ணி கைக்குதோ?"

ஞாயிறு இரவு மட்டும்
டொக்டர் சொன்னபடி மருந்தைப் பிந்தவிடுவேன்,
தேங்கியது வெளியேறட்டும் என்று.
எட்டு போகும். ஒன்பது. பத்தரைக்கு
பழைய தாகம் கதவைத் தட்டாமல் உள்ளே வரும்.
எழுந்து குழாயைத் திறப்பேன்.
வாசலில் என் வீட்டு மானியின் சின்னச் சிவப்பு முள்
சுற்றத் தொடங்கும்.
அதை நான் வாசிப்பதில்லை.